இரண்டாவது கண்

மும்பை மாதுங்காவில் எங்கள் அடுக்ககத்தின் வளாகத்தில் ஒரு பிரீமியர் பத்மினி கார் நிற்கிறது. 1986ஆம் ஆண்டு பதிவான வண்டி. என் தந்தை அதை 1991இல் பழைய வண்டியாக வாங்கினார். பதினைந்து ஆண்டுகள் நிறைந்த பின், ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை சோதனைக்கு உட்படுத்திப் பதிவைப் புதுப்பித்து வருகிறோம். எழுபத்து நான்கு வயதிலும் சனிக்கிழமைதோறும் காலையில் அம்மாவை அருகில் அமர்த்திக்கொண்டு, சயன் வழியாகக் கிழக்கு விரைவு நெடுஞ்சாலையில் ஏறி, செம்பூர் செட்டா நகர் முருகன் கோயிலுக்கு அப்பா அந்த வண்டியைத்தான் ஓட்டிச் செல்வார்.

2023ஆம் ஆண்டில் அதன் ஸ்டீயரிங் சக்கரத்தில் விரிசல் கண்டது. உள்ளே எஃகுக் கம்பி, மேலே கெட்டியான பிளாஸ்டிக் என்று அமைந்த பழைய சக்கரம் அது. வெயிலிலும் வயதிலும் பிளாஸ்டிக் வெடித்து, திருப்பும்போதெல்லாம் அப்பாவின் உள்ளங்கையைக் கிள்ளியது. துணி நாடாவைச் சுற்றிப் பார்த்தோம். ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. அந்த வண்டியின் உற்பத்தி இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நின்றுவிட்டதால், புதிய அசல் சக்கரம் எங்கும் கிடைக்கவில்லை.

கல்லூரியில் படிக்கும் என் மகன், தாத்தாவின் பிறந்தநாளுக்கென்று தன் சேமிப்பிலிருந்து ஒரு சக்கரம் வாங்கி வந்தான். தோல் சுற்றிய, 350 மி.மீ. விட்டமுள்ள அழகான சக்கரம். அப்பா அதைக் கையில் வாங்கி இருபுறமும் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதை வண்டியில் எப்படிப் பூட்டுவது?” என்று கேட்டார். பேரனிடம் அதற்கு விடை இல்லை. என்னிடமும் இல்லை. நான் வணிகவியல் படித்தவன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக வங்கியில் பணிபுரிபவன். எனக்குத் தெரிந்தது கணக்கு மட்டுமே.

நடுவில் ஒரு துண்டு

காரின் ஸ்டீயரிங் சக்கரம் ஒரு நீண்ட எஃகுத் தண்டின் மேல்முனையில் அமர்கிறது. அந்த முனையைச் சுற்றிலும் நீளவாக்கில் நுண்ணிய பற்கள் வெட்டப்பட்டிருக்கும். பட்டறைகளில் இதனை ஸ்ப்ளைன் என்பார்கள். சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பின் உட்துளையிலும் அதே எண்ணிக்கையில், அதே அளவில் பற்கள் இருக்கும். இரண்டும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ள, மேலிருந்து ஒரு நட் அவற்றை இறுக்கிப் பிடிக்கும். பற்களின் எண்ணிக்கையும் தண்டின் விட்டமும் வண்டிக்கு வண்டி மாறுபடும்.

கடையில் தனியாக விற்கப்படும் சக்கரத்தில் இந்தப் பற்கள் இருப்பதில்லை. அதன் நடுத்தகட்டில் வட்டமாக ஆறு துளைகள் மட்டுமே இருக்கும். மோமோ, ஸ்பார்க்கோ போன்ற இத்தாலிய நிறுவனங்களின் சக்கரங்களில் இந்தத் துளைகள் பொதுவாக 70 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் அமைந்திருக்கும். நார்டி நிறுவனத்தின் சக்கரங்களில் அது 74 மி.மீ. ஒருபுறம் பற்கள், மறுபுறம் ஆறு துளைகள். இவ்விரண்டையும் சேர்த்து வைக்கும் துண்டுதான் அடாப்டர். உதிரிபாகக் கடைகளில் ‘பாஸ் கிட்’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். மாருதி 800 போன்ற பெருவாரியாக விற்ற வண்டிகளுக்கு இது ஆயத்தமாகவே கிடைக்கும். பத்மினிக்கு நான் விசாரித்த கடைகளில் இல்லை. ஆகவே, நாமே செய்துகொள்வோம் என்று துணிந்தேன்.

அடாப்டர் சிறிய பொருள், உள்ளங்கையில் அடங்கிவிடும். சக்கரம் பூட்டிய பின் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் அது ஏற்கும் சுமை சிறியதன்று. பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியைக் குறுகலான இடத்தில் திருப்பும்போது இரு கைகளும் சேர்ந்து 20 கிலோ விசையைச் செலுத்துவதாகக் கொள்வோம். சக்கரத்தின் விட்டம் 350 மி.மீ.; போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம் 70 மி.மீ., அதாவது ஐந்தில் ஒரு பங்கு. எனவே போல்ட்டுகளை வந்தடையும் விசை ஐந்து மடங்காகி 100 கிலோ ஆகிறது. தண்டின் விட்டம் 20 மி.மீ. என்று கொண்டால், அதன் பற்களின்மேல் விழுவது 350 கிலோ. கைக்கு இலேசாகத் தோன்றுவது மையத்தை நெருங்க நெருங்கப் பெருகுகிறது.

இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பழைய சக்கரம் ஏறத்தாழ 400 மி.மீ. விட்டமுள்ளது. அதை 350 ஆகக் குறைத்தால், அதே திருப்பத்துக்கு 14 விழுக்காடு கூடுதல் விசை தேவைப்படும். முதியவர் ஓட்டும் வண்டிக்குச் சிறிய சக்கரத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதை முதலில் நினைத்துப் பார்க்க வேண்டும். நான் இந்தக் கணக்கையெல்லாம் பின்னர்தான் போட்டேன்.

முதல் முயற்சி

குர்லா சி.எஸ்.டி. சாலையில் பழைய உதிரிபாகக் கடைகள் நிறைய உண்டு. மும்பையின் பத்மினி டாக்சிகள், இருபது ஆண்டு வயது வரம்பின்படி, 2023 அக்டோபர் இறுதியில் சாலையிலிருந்து விடைபெற்றன. அந்த நாட்களில் ஒரு கடையில் பத்மினியின் பழைய சக்கரம் ஒன்று கிடைத்தது. யோசனை எளிமையானது. பழைய சக்கரத்தின் வளையத்தையும் கம்பிகளையும் அறுத்தெறிந்து, பற்களுள்ள ஹப்பை மட்டும் வைத்துக்கொள்வது; அதன்மேல் ஆறு துளைகளிட்ட இரும்புத் தகட்டைச் சேர்ப்பது. வீட்டில் அடாப்டர் செய்பவர்கள் பலரும் கையாளும் வழி இது. பற்களைப் புதிதாக வெட்டும் தொல்லை இதில் இல்லை. இண்டிகேட்டர் தானாகத் திரும்புவதற்கான அமைப்பு ஹப்பின் அடியில் இருந்தால் அதுவும் சேதமின்றித் தப்பும்.

துளைகளின் அளவை நானே எடுத்தேன். மகனின் பள்ளிக்கால அளவுகோலை வைத்து, எதிரெதிரான இரு துளைகளின் வெளி விளிம்புகளுக்கு இடையே அளந்தேன். 75 காட்டியது. ‘74ஆகத்தான் இருக்கும்’ என்று தீர்மானித்து எழுதிக் கொடுத்தேன். துளைகளின் மையத்திலிருந்து மையத்துக்கு அளந்திருக்க வேண்டும். அப்படி அளந்திருந்தால் 70 என்று தெரிந்திருக்கும். தகடு வந்த பிறகு துளைகள் பொருந்தவில்லை. ஒவ்வொரு துளையையும் 2 மி.மீ. உள்நோக்கி அரத்தால் ராவிச் சரிசெய்தேன். வட்டமான துளைகள் முட்டை வடிவமாயின. போல்ட் உள்ளே போயிற்று. அதுவே போதுமென்று இருந்துவிட்டேன்.

ஒரு பட்டறையில் ஹப்பையும் தகட்டையும் சாதாரண வெல்டிங் கம்பியால் பற்றவைத்துக் கொடுத்தார்கள். மொத்தச் செலவு சக்கரத்தின் விலை நீங்கலாக 600 ரூபாய். கறுப்பு வண்ணம் அடித்துப் பூட்டியபோது பார்க்க அழகாகவே இருந்தது. வளாகத்துக்குள் இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது என்று நானே சொல்லிக்கொண்டு சாவியை அப்பாவிடம் கொடுத்தேன்.

மூன்றாவது வாரம் கோயிலிலிருந்து திரும்பிய அப்பா, “சக்கரம் பேசுகிறது” என்றார்.

“புதிய பொருள் அல்லவா, அப்பா. போகப் போகச் சரியாகிவிடும்” என்றேன்.

அடுத்த சனிக்கிழமை வண்டியை நிறுத்திவிட்டு மேலே வந்தவர், சாவியை என் கையில் வைத்தார். “சயன் வளைவில் இரண்டு முறை ‘டிக்’ என்றது. நீ கழற்றிப் பார்த்தால் ஒழிய நான் இனி இதில் உன் அம்மாவை ஏற்றிக்கொண்டு போகமாட்டேன்.”

அன்று மாலை கழற்றினேன். வண்ணத்தைச் சுரண்டியபோது, பற்றவைத்த கோட்டை ஒட்டினாற்போல் மயிரிழையாய் ஒரு விரிசல். ஹப்பைச் சுற்றி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு ஓடியிருந்தது. அன்று காலை நெடுஞ்சாலையில் என் பெற்றோர் இருவரையும் சுமந்து வந்த இணைப்பில் மிஞ்சியிருந்தது மூன்றில் இரண்டு பங்கு. அதை மேசைமேல் வைத்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

செய்தவர் ஒருவர், பார்த்தவர் வேறொருவர்

சாக்கிநாக்காவில் கடைசல் பட்டறை நடத்தும் ஒருவரை எனக்கு நெடுநாளாகப் பழக்கம். அவரிடம் அந்தத் துண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். லேத்தில் பூட்டி ஓரத்தைச் சற்றே சீவினார். உதிர்ந்தது தூளாக விழுந்தது. “எஃகாக இருந்தால் சுருள் சுருளாக வரும். இது வார்ப்பிரும்பு வகை. இதைச் சூடேற்றாமல் சாதாரணக் கம்பியால் பற்றவைத்தால், இணைப்புக்கு அருகில் கண்ணாடிபோல் இறுகி நொறுங்கும் தன்மை வந்துவிடும். இடமும் வலமும் திருப்பத் திருப்ப விரிசல் விடாமல் என்ன செய்யும்?” என்று இந்தியில் சொன்னார். பிறகு முட்டைவடிவத் துளைகளைப் பார்த்தார். “இதை முடித்த பின் யார் பார்த்துக் கொடுத்தது, சாப்?” என்று கேட்டார்.

“நான்தான் பார்த்தேன்” என்றேன்.

சொன்னபோதே எனக்கு உறைத்தது. வங்கியில் ஒரு விதி உண்டு. கணினியில் பதிவைச் செய்பவர் ஒருவர்; அதைச் சரிபார்த்து அங்கீகரிப்பவர் வேறொருவர். பெட்டகத்தின் சாவிகள் இருவரிடம் இருக்கும். யாருடைய நேர்மையிலும் ஐயம் கொண்டு ஏற்பட்ட வழக்கமன்று இது. தன் கையால் செய்ததில் தன் கண்ணுக்குப் பிழை தெரியாது என்பதே அதன் அடிப்படை. ஐயாயிரம் ரூபாய்ப் பரிமாற்றத்துக்கு நாள்தோறும் நான் கடைப்பிடிக்கும் விதியை, என் பெற்றோரின் உயிர் தொங்கும் இரும்புத் துண்டுக்குக் கடைப்பிடிக்கவில்லை. அளந்தவனும் நான், ராவியவனும் நான், சரியென்று ஒப்புதல் அளித்தவனும் நான். பிழையைக் கண்டுபிடித்தது, அதைச் செய்வதில் பங்கே இல்லாத என் தந்தையின் காது.

இரண்டாவது அடாப்டர்

இம்முறை வேலையை அவர் செய்தார். நான் அருகிலிருந்து ஒவ்வோர் அளவையும் இரண்டாம் முறை எடுத்தேன். அவர் செய்த வரிசையை இங்கே குறிப்பிடுகிறேன்.

முதலாவதாக, வண்டியின் அசல் சக்கரத்தைத் தொடவில்லை. அது இன்றும் பரணில் பத்திரமாக இருக்கிறது. ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதிவு செய்ய 2021இல் மத்திய அரசு வகுத்த விதிகள், வண்டி பெருமாற்றமின்றி அசல் வடிவில் இருப்பதையே எதிர்பார்க்கின்றன. அந்த நோக்கத்துக்காகவும் அசல் பாகங்களை வெட்டாமல் வைத்திருப்பது நலம். அறுப்பதற்கென்று இன்னொரு பழைய சக்கரமும், சோதனைக்கென்று ஒரு பழைய தண்டும் குர்லாவில் வாங்கினோம்.

இரண்டாவதாக, கழற்றும் முறை. பேட்டரியின் எதிர்முனை இணைப்பை நீக்கி, முன் டயர்களை நேராக நிறுத்தி, தண்டிலும் ஹப்பிலும் சேர்ந்தாற்போல் ஓர் அடையாளம் இட்டார். நட்டை முழுதும் கழற்றாமல் இரண்டு மூன்று சுற்று விட்டு வைத்தார். சக்கரம் திடீரென்று விடுபட்டு முகத்தில் அடிக்காமலிருக்க இது காப்பு. சுத்தியலால் தட்டாமல் புல்லர் கொண்டு இழுத்தார். தட்டினால் தண்டின் தாங்கிகளும் மரைகளும் கெடும்.

மூன்றாவதாக, ஹப்பைப் பற்களின் துளையை மையமாக வைத்தே லேத்தில் பூட்டிக் கடைந்தார். வெளி விளிம்பை மையமாக வைத்தால் சக்கரம் ஒருபுறம் ஏறியும் மறுபுறம் இறங்கியும் சுழலும். கடைந்த ஹப்பின்மேல் படிபோன்ற தோள் ஒன்றை அமைத்து, 10 மி.மீ. கனமுள்ள எஃகுத் தகட்டில் அதற்கு இறுக்கமான துளையிட்டு அழுத்திப் பொருத்தினார். ஹப்பின் உடலில் போதிய சதை இருந்ததால், இரண்டையும் உயர்தர எஃகு போல்ட்டுகளால் இணைத்தார். வெல்டிங் எங்கும் இல்லை.

நான்காவதாக, ஆறு துளைகள். இங்கே என் கணக்குப் பாடம் சற்று உதவியது. வட்டத்தில் சம இடைவெளியில் ஆறு துளைகளிட்டால், அடுத்தடுத்த இரு துளைகளின் மையங்களுக்கு இடையிலுள்ள தூரம் அந்த வட்டத்தின் ஆரத்துக்குச் சமம். 70 மி.மீ. வட்டமானால் ஒவ்வோர் இடைவெளியும் 35 மி.மீ. இருக்க வேண்டும். வெர்னியரால் ஆறு இடைவெளிகளையும் நான் அளந்தேன். ஆறும் சரியாக இருந்தன. போல்ட்டுகள் விரலால் திருகினாலே தடையின்றி இறங்கின.

ஐந்தாவதாக, உயரம். அடாப்டர் உயரமானால் சக்கரம் ஓட்டுநரின் மார்பை நெருங்கும். தாழ்ந்தால் விரல்கள் இண்டிகேட்டர் நெம்புகோலில் இடிக்கும். பத்மினியில் கியர் கம்பியும் ஸ்டீயரிங் தண்டின் பக்கவாட்டிலேயே இருப்பதால், அப்பாவை ஓட்டுநர் இருக்கையில் அமரவைத்து, பழைய சக்கரம் இருந்த அதே உயரத்தை அளந்து கொடுத்தோம். ஹாரன் கம்பி திருப்பத்தில் உராயாதபடி தனி வழியில் கொண்டுவந்தார்.

ஆறாவதாக, சோதனை. பழைய தண்டை வைஸில் இறுக்கி, அடாப்டரை அதில் பூட்டி, ஒரு மீட்டர் நீளக் குழாயை இணைத்து முனையில் 12 கிலோ எடை தொங்கவிட்டார். முன்பு சொன்ன 20 கிலோ விசை தரும் முறுக்கைப்போல் இது மூன்று மடங்குக்கும் அதிகம். இரு திசையிலும் பலமுறை செய்த பின், சிவப்புச் சாயம் பூசித் துடைத்து, அதன்மேல் வெள்ளைப் பூச்சு தெளித்தார். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த சாயம் வெள்ளையில் சிவப்புக் கோடாக ஊறித் தெரியும். தெரியவில்லை. இறுதியில் சக்கரத்தைச் சுழற்றி டயல் கேஜ் வைத்து மையம் பார்த்தார். செலவு 4,200 ரூபாய். முதல் துண்டைப்போல் ஏழு மடங்கு. இதைப் போன்ற ஒரு பட்டறைச் சோதனை, உற்பத்தி நிறுவனத்தின் சோதனைக் கூடத்துக்கு ஈடாகாது என்பதையும் அவரே சொல்லி அனுப்பினார்.

சட்டமும் காப்பீடும்

இக்கட்டுரையைப் படிக்கும் வாடிக்கையாளர்கள் பெரும்பாலோரிடம் இருப்பவை புதிய கார்கள். அவர்களுக்கு என் முதல் வேண்டுகோள்: காற்றுப்பை உள்ள காரில் சக்கரத்தை மாற்றாதீர்கள். நம் நாட்டில் 2019 ஜூலை 1 முதல் தயாராகும் கார்களில் ஓட்டுநருக்கான காற்றுப்பை கட்டாயம். அந்தப் பை ஸ்டீயரிங் சக்கரத்தின் நடுவில்தான் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அழகுக்காக வேறு சக்கரம் பூட்டுவது, உயிர்காக்கும் கருவியைப் பிடுங்கி எறிவதற்கு ஒப்பாகும். எவ்வளவு திறமையான அடாப்டரும் அந்த இழப்பை ஈடுசெய்யாது.

இரண்டாவது, சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழின் விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் இதனை உறுதிசெய்தது. 2019இல் திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 98ஆம் விதி, ஸ்டீயரிங் அமைப்பு நல்ல நிலையில் இருக்க வேண்டும் என்றும், சக்கரத்தின் வெற்றாட்டம் 30 பாகைக்கு மேற்படக்கூடாது என்றும் கூறுகிறது. பதிவுச் சான்றிதழில் ஸ்டீயரிங் சக்கரத்தைப் பற்றிய குறிப்பு இல்லைதான். அதனால் மாற்றலாம் என்று நாமே முடிவு கட்டிவிடாமல், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுத் தெளிவதே முறை.

மூன்றாவது, காப்பீடும் கடனும். மாற்றம் எதுவாயினும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து, ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். சொல்லாமல் விட்ட மாற்றம், இழப்பீடு கோரும் நாளில்தான் வெளிவரும். கடனில் வாங்கிய வண்டி, கடன் தீரும்வரை வங்கிக்கு ஈடாக உள்ள சொத்து; எனவே கையெழுத்திட்ட ஒப்பந்தத்தையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். எங்கள் வண்டிக்கு நான் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பிய கடிதமும் அதன் ஒப்புகையும் இன்று வண்டியின் கோப்பில் இருக்கின்றன.

அப்பாவின் குறிப்பேடு

இரண்டாவது அடாப்டரைப் பூட்டிய நாளில் நான் சாவியை அப்பாவிடம் உடனே கொடுக்கவில்லை. “நீங்கள் பார்த்துச் சரியென்று சொன்னால்தான் வண்டி வெளியே போகும்” என்றேன். அவர் சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தார். இருபுறமும் கடைசிவரை திருப்பினார். ஹாரனை அடித்தார். இரு பக்க இண்டிகேட்டரையும் போட்டுத் திருப்பி, தானாக அணைகிறதா என்று பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆறு போல்ட்டுகளையும் ஒவ்வொன்றாக எண்ணினார்.

ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து தகடுவரை மஞ்சள் வண்ணத்தில் ஒரு கோடு இழுத்திருக்கிறோம். போல்ட் சற்றே தளர்ந்தாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான் நடு மூடியைத் திறந்து பார்க்கிறேன். அப்பா மறுபடி பார்க்கிறார். வண்டியின் பெட்டியில் ஒரு சிறு குறிப்பேடு இருக்கிறது. அதில் தேதி, நான் பார்த்ததற்கு என் கையொப்பம், அதற்கு எதிரே அவருடைய கையொப்பம். கோடு நகர்ந்ததாக இதுவரை ஒரு பதிவும் இல்லை.

விரிசல் விட்ட பழைய துண்டு கிளையில் என் மேசைமேல் காகிதங்கள் பறக்காமல் காத்துக்கொண்டிருக்கிறது. என்ன இது என்று கேட்கும் வாடிக்கையாளர்களிடம் விரிசலைத் தொட்டுக் காட்டுவேன். சென்ற சனிக்கிழமை கோயிலிலிருந்து திரும்பியதும் அப்பா குறிப்பேட்டை எடுத்து எதையோ எழுதினார். பிறகு எட்டிப் பார்த்தேன். தேதிக்கு எதிரே அவருடைய நடுங்கும் எழுத்தில் இரண்டே சொற்கள் இருந்தன: ‘பேசவில்லை. சரி.’